பேச விட்ட காமிரா

பத்திரிகைக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் சினிமா எடுக்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டால், அவருக்கு உத்தியோக உயர்வு கிடைத்துவிட்டதாகவே நாம் நினைத்துக்கொள்கிறோம். சிறுகதை எழுதுகிறவனைப் பார்த்து, "எப்போது நாவல் எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்கிற மனோபாவம்தான் இதுவும். சின்னதிலிருந்து பெரியதற்கு, அசையாததிலிருந்து அசைவதற்கு ஏறிப் போவதுதான் வளர்ச்சி என்று ஒரு கணக்கு நம் மனத்தில் இருக்கிறது. ஒரு படம் எடுத்தவர் இனி வினாடிக்கு 24 படம் எடுக்கப் போகிறார். ஆகவே அவர் 24 மடங்கு உயர்ந்துவிட்டார் என்கிற மாதிரி!

இந்தக் கணக்கு தப்பு என்பது என் அபிப்பிராயம். புகைப்படக்காரர் சினிமாவுக்குப் போகும்போது அவருக்குக் கிடைப்பதைவிட அவர் கையை விட்டுப் போவதுதான் அதிகம். எது போகிறது, போனதை அவர் மனமுவந்து விட்டாரா, விட்டதற்குப் பதிலாக நமக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுப் பார்த்தால்தான் அந்த மாறுதலின் பெறுமானம் தெரியும்.

இதைப் பொதுப்படையாகப் பேசிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ரேமோன் தெபார்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு மிகவும் பொருத்தமானவர். 1942-ல் பிறந்தவர். லியோன் நகருக்கு வடக்கே வில்பிரான்ஷ் என்ற ஊரை ஒட்டிய ஒரு பண்ணையில், விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். நிலத்தில் அவருக்கு நாட்டமில்லை. 16-வது வயதில் பண்ணையை விட்டுப் பாரிஸுக்குப் போய், ஒரு புகைப்படக்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். பிறகு தால்மாஸ் என்ற புகைப்பட ஏஜென்சியில் வேலை. நடிகைகளின் வாசலில் காத்துக் கிடப்பதும் அந்த வேலையில் சேர்த்தி. யுத்தம் நடக்கிற தேசத்துக்கு அடுத்த விமானத்தில் புறப்படுவதும் அந்த வேலையில் சேர்த்திதான். 1966-ல் சில சகாக்களோடு சேர்ந்து காமா என்ற ஏஜென்சியைத் தொடங்கினார். அது சீக்கிரத்திலேயே உலகப் புகழ் பெற்றது.

ஏஜென்சி என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். புகைப்படக்காரர் எங்கோ ஒரு கலகத்தின் நடுவே நின்றுகொண்டு எடுக்கிறார். சுருள்களை விமானத்தில் யார் கையிலாவது கொடுத்துப் பாரிஸுக்கு அனுப்புகிறார். ஆபீஸில் கழுவுகிறார்கள், தேர்ந்தெடுக்கிறார்கள், பத்திரிகைகளுக்கு விற்கிறார்கள். படத்துக்குக் கீழே இரண்டு வரி வேண்டுமல்லவா? அதை ஆபீஸில் இன்னொருவர் எழுதுகிறார். படத்தில் இருக்கும் அழுகிற தாய் எதற்காக அழுகிறாள் என்பதை அவள் சொல்வதில்லை. அந்த இரண்டு வரி சொல்லும். எந்தக் கணத்தில் அவளைப் பிடிப்பது என்பது எடுத்தவர் கையில். எந்தப் படத்தைப் போடுவது என்பது ஆசிரியர் கையில். என்ன அர்த்தம் என்பது அடிக்குறிப்பு எழுதுகிறவர் கையில். அவள் கையில் ஒன்றுமே இல்லை.

இப்படிச் சொல்வதால் புகைப்படத்தைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஒரு நல்ல புகைப்படம் ஆயுள் பரியந்தம் மனத்தை விட்டுப் போகாது. சினிமாவில் பார்த்த முகங்கள் ஒன்றோடொன்று கலந்து மறந்துபோகும். ஆனால் புகைப்படத்தின் பலம் முழுவதும் எடுக்கிறவரின் அதிகாரத்தில் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சாட்சியம் உண்டு. அதுவும் ஒரு புகைப்படம்தான்.

1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் உள்நாட்டு யுத்தம் நடந்தது. பயாப்ரா என்ற பிரதேசத்தில் ஜனங்கள் பட்டினியால் மடிந்தார்கள். 1968-ல் அங்கே போன பத்திரிகைக்காரர்களில் காமாவைச் சேர்ந்த ஜில் கரோனும் தெபார்தோனும் உண்டு. பட்டினியால் சாகக் கிடக்கும் ஒரு குழந்தையைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் தெபார்தோனை, நண்பர் கரோன் படம் பிடித்தார். குழந்தை, அதன்மேல் நோக்கிய காமிரா, காமிராவுக்குப் பின்னால் ஆரோக்கியமான ஒரு வெள்ளைக்கார வாலிபர். நண்பரைக் கண்டிப்பதற்காகக் கரோன் அதை எடுத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. தாங்கள் இருவரும் செய்துகொண்டிருக்கும் காரியம் வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்துவிட்டார். பார்த்ததை மறைக்காமல் பதிவும் செய்துவிட்டார். 1970 ஏப்ரலில் கம்போடியாவில் கரோன் காணாமற் போனார். திரும்பி வரவேயில்லை. அப்போது அவருக்கு வயது 30.

அந்தப் படத்தில் வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தெபார்தோன் கையில் இருப்பது சினிமாக் காமிரா. அதாவது, சாதனம் மாறிவிட்டது, மனிதர் மாறவில்லை. போட்டோக் காமிராவை வைத்துவிட்டு மூவிக் காமிராவை எடுத்துக்கொண்டதனால் மட்டும் ஒருவர் வேறு தொழிலுக்குப் போய்விடுவதில்லை. குழந்தை அசையலாம், அதன் நெஞ்சு ஏறி இறங்குவது தெரியலாம். ஆனால் எடுக்கிறவருக்கும் எடுக்கப்படுகிறவருக்கும் உள்ள உறவு அப்படியேதான் இருக்கிறது. அவர் பார்க்கிறார், அது பார்க்கப்படுகிறது.

உண்மையான மாறுதல் அடுத்த வருஷம் பிராகா நகரத்தில் ஆரம்பமாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தன. அதை எதிர்த்து, 1969 ஜனவரி 16-ம் தேதி யான் பலாஹ் என்ற மாணவன் நகரின் மையமான சதுக்கத்தில் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டான். மூன்று நாள் கழித்து இறந்தான். அவனுடைய அந்திமச் சடங்கின்போது திரண்ட ஜனங்களைத் தெபார்தோன் 12 நிமிஷப் படமாக எடுத்தார். அதில் பேச்சு கிடையாது. ஒரு நகரமே தெருவில் நின்று மௌனமாக அஞ்சலி செய்கிறது.

இந்த மௌனத்தைப் புகைப்படத்தில் எடுக்க முடியுமா? முடியாது. புகைப்படத்தில் எல்லோருமே எப்போதும் மௌனம்தான். சந்தையில் கூச்சல் போடுகிறவனும் மௌனம், துக்க வீட்டில் வாயடைத்து நிற்கிறவனும் மௌனம். பேசக் கூடிய ஒருவன் பேசாமலிருக்கும்போதுதான் மௌனத்துக்கு அர்த்தம் வருகிறது. அதற்கு நீளமும் வேண்டும். ஒரு நிமிஷ மௌனம் என்றால் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். நமக்குக் கால் வலிக்க வேண்டும். பிராகாவின் ஜனங்கள் எவ்வளவு நேரம் நின்றார்களோ அவ்வளவு நேரம் காமிராவும் நிற்க வேண்டியிருந்தது. எப்போது முடிப்பது என்பதை முதல் முறையாக எதிரில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள்.

மௌனத்துக்கு அடுத்தபடி பேச்சு. இதற்கு ஒரு சாதன வசதி தேவைப்பட்டது. அது அதற்குள் வந்திருந்தது. அமெரிக்காவில் லைஃப் பத்திரிகையில் வேலை பார்த்த ராபர்ட் ட்ரூ என்பவர், அந்தப் பத்திரிகையின் புகைப்படக் கட்டுரைகள் சாதித்ததைச் சினிமாவிலும் சாதிக்க முடியும் என்று நம்பினார். தோளில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடிய காமிராவையும், அதோடு இசைந்து ஓடும் சிறிய ஒலிப்பதிவு யந்திரத்தையும் அவரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கினார்கள். 1960-ல் கென்னடியும் ஹம்ப்ரியும் விஸ்கான்ஸின் மாநிலத்தில் கட்சி வேட்பாளர் தேர்வுக்காக மோதிக்கொண்டபோது இருவரையும் பின்தொடர்ந்து 'பிரைமரி' என்ற படத்தை எடுத்தார்கள். மனிதர்கள் தெருவில் நடந்துகொண்டும் காருக்குள் உட்கார்ந்துகொண்டும் பேசுவதை அப்படியே பிடிக்க முடியும் என்று அது காட்டிவிட்டது.

இதன் முக்கியத்துவம் நம் வாசகர்களுக்குச் சுலபமாகப் புரியும். நம் கொட்டகைகளில் ஒரு காலத்தில் பெரிய படம் ஆரம்பிக்குமுன் பிலிம்ஸ் டிவிஷன் படம் கட்டாயமாகக் காட்டுவார்கள். வெள்ளம் வந்தாலும் அணை கட்டினாலும் ஒரே கம்பீரமான குரல் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே போகும். வெள்ளத்தில் வீட்டை இழந்தவர் வாயை அசைப்பார். அவர் குரல் நமக்குக் கேட்காது. அந்தக் கம்பீரக் குரல்தான் புகைப்படத்தின் அடிக்குறிப்பு. படம் அசைய ஆரம்பித்த பிறகும் அடிக்குறிப்பு அதை விடவில்லை. தெபார்தோன் தம் முக்கியமான படங்களில் செய்த முதல் காரியம், அந்தக் குரலை வெளியே அனுப்பியதுதான்.

1974 ஏப்ரல் 2-ம் தேதி பிரெஞ்சு ஜனாதிபதி பாம்பிடு காலமானார். தேர்தல் வந்தது. நிதி மந்திரியாக இருந்த ஜிஸ்கார் தெஸ்தேன் போட்டியிட்டார். கென்னடியைப் பற்றிய படம் போலத் தம்மைப் பற்றியும் ஒரு படம் இருக்கட்டும் என்ற ஆசையில் தெபார்தோனுக்கு இடம் கொடுத்தார்; செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார். தெபார்தோன் காமிராவும் கையுமாக அவரோடு காரிலும் விமானத்திலும் கூட்டங்களிலும் சுற்றினார். வர்ணனை கிடையாது. பேட்டி கிடையாது. வேட்பாளர் தம் ஆட்களோடு யோசனை செய்கிறார். யார் எதைப் பேசுவது, எதைப் பேசாமலிருப்பது என்று உத்தரவு போடுகிறார். முடிவு அறிவிக்கும் இரவில், லூவ்ர் மாளிகையில் அப்போது இருந்த நிதி மந்திரி ஆபீஸில் டெலிவிஷனுக்கு எதிரே தனியாகக் காத்திருக்கிறார். தேசத்தின் தலைவராகப் போகிறவர் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல உட்கார்ந்திருக்கிறார்.

அவர் ஜெயித்தார். நூற்றுக்கு 50.81 வாக்கு. அந்த எண்ணைத்தான் படத்துக்கு முதலில் பெயராக வைத்தார்கள். ஆனால் படத்தைப் பார்த்த ஜனாதிபதிக்கு அது பிடிக்கவில்லை. அதில் அவரை யாரும் திட்டவில்லை, கேலி செய்யவில்லை, பொய் சொல்லவில்லை. அவர் பேசியதைத்தான் அவர் கேட்டார். அவர் இருந்ததைத்தான் பார்த்தார். பணம் அவருடையது, படமும் அவருடையதாகி, பெட்டிக்குள் போய்விட்டது. 28 வருஷம் கழித்து 2002-ல்தான் அது திரைக்கு வந்தது. இப்போது அதன் பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது. பிரெஞ்சில் நாட்டுப்புறத்துக்கும் தேர்தல் பிரசாரத்துக்கும் ஒரே சொல். 1974-ல் ஒரு நாட்டுப்புற உல்லாசப் பயணம் என்றும் படிக்கலாம். பிரசாரத்தில் ஒரு பகுதி என்றும் படிக்கலாம்.

ஆயிரக்கணக்கான புகைப்படங்களுக்கு முகம் கொடுத்த அரசியல்வாதி இந்த ஒரு படத்துக்குப் பயந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். புகைப்படத்தில் அவர் எப்போதும் ஒரு பதவி. ஒரு சிரிப்பு, ஒரு கையசைப்பு. படத்தில் அவர் ஒரு மனிதராகிவிட்டார்.

அதே 1974 வசந்தத்தில், தெபார்தோன் வேட்பாளரின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த அதே வாரங்களில், பிரான்ஸிலிருந்து வெகு தூரத்தில் இன்னொரு காரியம் நடந்தது. ஆப்பிரிக்காவில் சாட் தேசத்தின் வடக்கே திபெஸ்தி என்ற பாலைவன மலைப் பிரதேசம். அங்கே புதைபொருள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பிரான்ஸ்வாஸ் குளோஸ்த்ரு என்ற பிரெஞ்சுப் பெண்மணியை ஏப்ரல் 21-ம் தேதி ஹிசேன் ஹாப்ரேயின் கிளர்ச்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். பணமும் ஆயுதமும் கேட்டார்கள். பேச்சு நடத்தப் போன பிரெஞ்சு அதிகாரி ஒருவரை 1975 ஏப்ரலில் கொன்றுவிட்டார்கள். மனைவியை மீட்கப் போன கணவரும் அந்த வருஷமே கைதியானார். பிரெஞ்சு ஜனங்களுக்கு இது பத்திரிகையின் உள்பக்கச் செய்தி. ஒரு பெயர், ஒரு பழைய புகைப்படம், அவ்வளவுதான்.

தெபார்தோனுக்கு அந்தப் பாலைவனம் புதிதல்ல. 1970-ல் கரோனோடு அங்கே போய், சாட் அரசாங்கப் படையிடம் பிடிபட்டு ஒரு மாதம் சிறையிருந்தவர். இந்தத் தடவை அவர் கிளர்ச்சிக்காரர்களிடம் போனார். கைதியைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அந்தப் பெண் காமிராவைப் பார்த்துப் பேசினார். தம்மை எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள் என்றார். பேசும்போதே அழுதார். 1975 செப்டம்பரில் இது பிரெஞ்சு டெலிவிஷனில் வந்தது. தேசம் கலங்கிப் போயிற்று. பணம் கொடுக்கத் தயார் என்று அரசாங்கம் இறங்கி வர வேண்டியதாயிற்று. அந்த அரசாங்கத்தின் தலைவர் வேறு யாருமல்ல; பெட்டிக்குள் பூட்டிய படத்தின் கதாநாயகர்தான்.

ஒரே மனிதர் எடுத்த இரண்டு படங்கள். ஒன்றில் அதிகாரத்தின் உச்சிக்குப் போகிறவர் பேசுகிறார். தம் பேச்சு வெளியே வரக் கூடாது என்று நினைக்கிறார். மற்றொன்றில் எல்லா அதிகாரமும் இழந்த ஒருத்தி பேசுகிறாள். தன் பேச்சு எப்படியாவது வெளியே போக வேண்டும் என்று தவிக்கிறாள். இரண்டிலும் காமிராக்காரர் செய்தது ஒன்றுதான். குறுக்கே பேசாமல் இருந்தார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. பேட்டி எடுத்த தெபார்தோன் திரும்பி வந்துவிட்டார். குளோஸ்த்ரு அங்கேயே இருந்தார். டெலிவிஷனில் அவர் அழுகையை ஒரு தேசம் பார்த்த பிறகும் 16 மாதம் கைதியாக இருந்தார். லிபியாவின் தலையீட்டினால் 1977 ஜனவரி கடைசியில்தான் அவருக்கும் கணவருக்கும் விடுதலை கிடைத்தது. மொத்தம் 33 மாதச் சிறை. அப்படியானால் பயாப்ராக் குழந்தைக்கு முன்னால் நின்ற காமிராவுக்கும் இந்தக் காமிராவுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் படத்தைக் கொண்டுவந்தன, ஆளைக் கொண்டுவரவில்லை.

வித்தியாசம் உண்டு என்பேன். ஆனால் அதைப் பெரிதாக்கிச் சொல்லவும் கூடாது. பேச்சு விடுதலையல்ல. பேச விட்டவர் மீட்டவராகிவிட மாட்டார். குழந்தையின் படத்தைப் பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். குளோஸ்த்ருவைக் கேட்டவர்கள் வெட்கப்பட்டார்கள். ஏனென்றால் அவர் அவர்களைத்தான் கேட்டார். பரிதாபப்படுகிறவன் பார்த்துவிட்டுப் போகலாம். கேள்வி கேட்கப்பட்டவன் பதில் சொல்லாமல் போனால் அது அவனுக்கே தெரியும். இவ்வளவுதான் வித்தியாசம். இது கொஞ்சமா, நிறையவா என்பதை வாசகர்களின் தீர்மானத்துக்கு விடுகிறேன்.

இந்தக் கேள்வி தெபார்தோனையும் விடவில்லை என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 15 வருஷம் கழித்து, 1990-ல், அவர் ஒரு கதைப்படம் எடுத்தார். 'பாலைவனத்துக் கைதி' என்று பெயர். ஸாந்த்ரீன் பொனேர் என்ற நடிகை பாலைவனத்தில் சிறைப்பட்ட பெண்ணாக நடித்தார். அதில் வசனம் வெகு குறைவு. நடக்கிறாள், உட்காருகிறாள், காத்திருக்கிறாள். பேட்டியில் சில நிமிஷம்தான் கேட்டோம். அந்தச் சில நிமிஷத்துக்கு முன்னும் பின்னும் கிடந்த நாட்களை எண்ணிப் பார்க்கச் சொல்கிறது இந்தப் படம். எனக்கு இது முழு வெற்றியாகத் தோன்றவில்லை. பாலைவனம் பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கிறது. பழைய புகைப்படக்காரர் அந்த அழகில் மயங்கிவிடுகிறார். கைதிக்கு அது அழகாகவா இருந்திருக்கும்? இருந்தாலும் முயற்சியின் நேர்மையைச் சந்தேகிக்க முடியாது.

புகைப்படத்தையும் சினிமாவையும் ஒரே விஷயத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு உதாரணம் தருகிறேன். வெனிஸ் நகரத்துக்கு அருகே ஸான் கிளமென்ட்டே என்ற சிறு தீவில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரி இருந்தது. இத்தாலியில் இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளை மூடுவதென்று 1978-ல் சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் தெபார்தோன் அங்கே புகைப்படங்கள் எடுத்தார். பிறகு அதே இடத்தில் சினிமாவும் எடுத்தார், 1982-ல் வெளிவந்தது. ஒரு புகைப்படத்தில் ஒருவர் கோட்டைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொண்டிருக்கிறார். முகமே இல்லை. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உலகத்துத் துயரமெல்லாம் அந்தக் கோட்டுக்குள் இருப்பதாக நமக்குத் தோன்றும். ஆனால் அப்படித் தோன்றுவது நம் கற்பனை. அந்த மனிதருக்கு வெயில் கண்ணைக் கூசியிருக்கலாம்.

சினிமாவில் அதே மாதிரி மனிதர்கள் எழுந்து நடக்கிறார்கள், காமிராவின் அருகே வருகிறார்கள், ஏதோ சொல்கிறார்கள், அலுத்துப்போய் விலகுகிறார்கள். துயரத்தின் சின்னமாக இருக்க அவர்கள் சம்மதிப்பதில்லை. புகைப்படம்தான் கலை என்ற முறையில் உயர்ந்தது. சினிமா ஒழுங்கற்றுக் கிடக்கிறது. ஆனால் அந்த மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள நான் சினிமாவைத்தான் நம்புவேன்.

இதற்குப் பிறகு அவருடைய காமிரா மெல்ல மெல்ல அசைவதை நிறுத்திக்கொண்டது. இது விசித்திரமான விஷயம். அசைகிற படத்துக்காகப் புகைப்படத்தை விட்டு வந்தவர் காமிராவை ஓரிடத்தில் ஊன்றி வைத்துவிட்டார்! 1981-ல் வந்த 'ரிப்போர்ட்டர்ஸ்' படத்தில் தம் பழைய காமா நண்பர்களின் பின்னால் பாரிஸ் முழுவதும் ஓடினார். பிரபலஸ்தர்களின் வாசலில் புகைப்படக்காரர்கள் காத்துக் கிடப்பதையும், கதவு திறந்ததும் பாய்வதையும் காட்டினார். 1994-ல் வந்த படத்திலோ ஓட்டமே இல்லை. அதன் பெயரைத் தமிழில் 'கையும் களவுமாக' என்று சொல்லலாம். பாரிஸ் நீதிமன்றக் கட்டிடத்தில் ஒரு சிறு அறை. மேஜைக்கு ஒரு பக்கம் அரசாங்க வக்கீல். மறு பக்கம் போலீஸார் அப்போதுதான் பிடித்துக்கொண்டு வந்த ஆள். ஜேப்படிக்காரன், சுவரில் கிறுக்கியவன், மனைவியை அடித்தவன் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். காமிரா பக்கவாட்டில், இருவருக்கும் சம தூரத்தில், அசையாமல் நிற்கிறது. 1954-ம் வருஷச் சட்டம் ஒன்று நீதிமன்றத்துக்குள் காமிராவைத் தடுத்து வந்தது. விசேஷ அனுமதி பெற்று இதை எடுத்தார். அவருடைய மனைவி குளோதின் நுகாரே ஒலிப்பதிவு செய்தார். இந்தப் படங்களில் பாதிப் பெருமை அவருக்குச் சேர வேண்டியது. கேட்பதற்காகவே எடுத்த படங்கள் இவை.

காமிரா ஏன் அசையவில்லை? அசைந்தால் அது ஒரு கட்சி சேர்ந்துவிடும். கைதி பொய் சொல்லும்போது அவன் விரல்களுக்குக் கிட்டே போனால், பார்வையாளருக்குக் கண் சிமிட்டியதாகிவிடும். வக்கீலின் முகத்துக்குப் போனால் அது தீர்ப்பாகிவிடும். இரண்டு பேரும் ஒரே சட்டத்துக்குள், ஒரே அளவில் தெரியும்போது நமக்கு ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. இருவருக்கும் பாஷை வேறு. படித்தவர் சுருக்கமாகக் கேட்கிறார். படிக்காதவன் தன் கதையை முதலிலிருந்து சொல்ல ஆசைப்படுகிறான். அவனுக்கு நேரம் கொடுக்க அரசாங்கத்துக்கு முடியாது. படம்தான் கொடுக்கிறது.

2017-ல் எடுத்த '12 நாட்கள்' என்ற படமும் இந்த வகைதான். சம்மதமின்றி மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவரை 12 நாட்களுக்குள் ஒரு நீதிபதி முன் கொண்டுவர வேண்டும் என்று பிரான்ஸில் 2013-ல் விதி வந்தது. லியோன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அந்தச் சந்திப்புகளைப் படமாக்கினார். எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. விலங்கு மாட்டிக்கொண்டு வந்தவனிடமும் மனம் பேதலித்தவரிடமும் சம்மதம் வாங்கினோம் என்றால் அந்தச் சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு? சிறையிலிருப்பவன் 'சரி' என்று சொல்வதும் வெளியிலிருப்பவன் 'சரி' என்று சொல்வதும் ஒன்றல்ல. பேச இடம் கொடுப்பது நல்ல காரியம்தான். பேசாமலிருக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இந்தச் சங்கடம் அவருடைய படங்களிலிருந்து முழுவதும் நீங்கியதாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பேசாமலிருப்பவர்களுக்காகவே அவர் எடுத்த படங்கள் உண்டு. என் மதிப்பில் அவைதான் அவருடைய சிறந்த படைப்புகள். பிரான்ஸின் தெற்கே செவென் மலைப் பிரதேசத்தில் ஆடும் மாடும் வைத்துப் பிழைக்கும் வயோதிக விவசாயிகளைப் பற்றி 2001, 2005, 2008 ஆகிய வருஷங்களில் மூன்று படங்கள் வெளியிட்டார். கடைசிப் படத்தின் பெயர் 'தற்கால வாழ்க்கை'. மலைப்பாதையில் வண்டி மெதுவாக ஊர்ந்து ஒரு பண்ணை வீட்டை நெருங்குவதோடு அது ஆரம்பமாகிறது. உள்ளே சமையலறை, மேஜைமேல் காப்பி. கிழவர் உட்கார்ந்திருக்கிறார். தெபார்தோன் காமிராவுக்குப் பின்னாலிருந்து ஏதோ கேட்கிறார். கிழவர் பதில் சொல்வதில்லை. அல்லது ஒரு வார்த்தை. பிறகு நீண்ட மௌனம். பட்டணத்துக்காரனுக்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் இந்த மௌனத்தில் எல்லாம் இருக்கிறது: நிலத்தைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை இல்லை, மாடு விற்றாயிற்று, இனி இந்த வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள் என்று தெரியவில்லை.

1969-ல் பிராகாவில் ஒரு நகரத்தின் மௌனத்துக்காக நின்ற காமிரா, இங்கே ஒரு கிழவரின் மௌனத்துக்காக நிற்கிறது. இடையில் 30 வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன. இன்னொன்றும் உண்டு. இவர்கள் அந்நியர்களல்ல. 16-வது வயதில் தெபார்தோன் விட்டு வந்த பண்ணை வீட்டிலும் இப்படி ஒரு சமையலறை, இப்படி ஒரு தகப்பனார். ஊர் உலகமெல்லாம் படம் எடுத்தவர் தம் தகப்பனாரைச் சரியாக எடுத்து வைக்கவில்லை என்ற குறை அவருக்கு உண்டு. அது அவர் எழுத்திலும் வந்திருக்கிறது. அந்தக் குறையோடு மற்றவர்களின் தகப்பன்மாருக்கு எதிரே போய் உட்கார்ந்தார். அவசரப்படவில்லை. ஒரே வீட்டுக்கு வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பப் போனார். ஏஜென்சிக்காரர் எவரும் செய்யாத காரியம் இது. அவர்களுக்கு ஒரு இடத்துக்கு இரண்டாம் தடவை போவதென்றால், அங்கே இரண்டாவது விபத்து நடந்திருக்க வேண்டும்.

தெபார்தோன் புகைப்படத்தை ஒரு நாளும் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1978-ல் மாக்னம் என்ற புகழ் பெற்ற புகைப்படக் கூட்டுறவு ஸ்தாபனத்தில் சேர்ந்தார். 1981-ல் நியூயார்க்கிலிருந்து ஒரு பிரெஞ்சுத் தினசரிக்கு நாளுக்கு ஒரு படமாக அனுப்பினார். அந்தப் படங்களின் கூடவே வந்த வாசகம் அவர் சொந்தக் கையால் எழுதியது. 2012-ல் ஜனாதிபதி ஹாலாந்தின் அதிகாரபூர்வமான புகைப்படத்தை எடுத்தவரும் இவர்தான். பிரெஞ்சு நாட்டு முனிசிபல் ஆபீஸ்களிலெல்லாம் மாட்டிய படம் அது. ஒரு ஜனாதிபதி தம்மைப் பற்றிய இவர் படத்தைப் பூட்டி வைத்தார். இன்னொரு ஜனாதிபதி தம் முகத்தை இவரிடமே ஒப்படைத்தார். ஆகவே ஒன்றைத் துறந்து மற்றொன்றுக்கு ஏறிய கதையல்ல இது. இரண்டு காரியத்தையும் இரண்டாகவே வைத்துக்கொண்டார்.

நாவல் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருப்பதாக எனக்குப் படுகிறது. நம் நாவல்களில் ஏழை வருகிறான், விதவை வருகிறாள், கிழவர் வருகிறார். அவர்கள் வாயைத் திறக்குமுன் ஆசிரியர் முந்திக்கொண்டு அவர்கள் துயரத்தை இரண்டு பாராவில் விளக்கிவிடுகிறார். வாசகர் கண்ணீர் விடுகிறார். அடுத்த வாரம் இன்னொரு ஏழை. அடிக்குறிப்பு எழுதுகிற புத்தி நம்மையும் பிடித்திருக்கிறது. பாத்திரத்தைப் பேச விட்டால் அது நாம் நினைத்ததைச் சொல்லாமல் போய்விடுமோ என்று பயம். ஜிஸ்காருக்கு இருந்த பயமும் கிட்டத்தட்ட இதுதான்.

புகைப்படக்காரர் சினிமாவுக்குப் போகும்போது எது கையை விட்டுப் போகிறது என்று ஆரம்பத்தில் கேட்டேன். கடைசி வார்த்தை போகிறது. அதை எதிரே இருப்பவரிடம் கொடுக்க மனமில்லாதவர் மூவிக் காமிராவை எடுத்தாலும் பழைய தொழிலைத்தான் செய்துகொண்டிருப்பார். தெபார்தோன் அதைக் கொடுத்தார். சில இடங்களில் தயங்கியும், சில இடங்களில் கேட்கக் கூடாதவர்களிடம் கேட்டும், ஆனால் பெரும்பாலும் பொறுமையோடு. அவருடைய படங்களில் ஒன்றுதான் பார்க்க வாய்க்கும் என்றால், 'தற்கால வாழ்க்கை'யைப் பாருங்கள். கிழவர் பதில் சொல்லத் தாமதிக்கும்போது எழுந்து போய்விடாதீர்கள். சில சமயம் அவர் சொல்கிறார்.